நுரையீரலுக்குப் போட்ட ஊசியால்தான் என் மகள் சிறிதாக இருக்கிறாளா?

சின்னவிரல்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பல மாதங்களாக இங்கே வாசிப்பதோடு சரி, இன்றுதான் எழுதுகிறேன். என் மகள் 27 வாரம் 3 நாளில் பிறந்தாள், 860 கிராம். 25வது வாரத்திலேயே பனிக்குடம் கசிய ஆரம்பித்து என்னை அட்மிட் செய்தார்கள், அன்றே நுரையீரல் முதிர்வதற்காக என்று பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, 24 மணி நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் வலி அடங்கி இரண்டு வாரம் ஓடியது. 27வது வாரத்தில் மறுபடி வலி வந்ததும் மறுபடி இரண்டு ஊசி போட்டார்கள், அது முடிந்த கையோடு பிறந்துவிட்டாள்.

இப்போது அவளுக்கு 9 மாதம். 6.1 கிலோ, நீளம் 63 செ.மீ. வளர்ச்சி அட்டையில் 9 மாதத்துக்கு நேராகப் புள்ளி வைத்தால் கடைசிக் கோட்டுக்கும் கீழே போகிறது. போன வாரம் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், "கர்ப்பத்தில் ஸ்டீராய்டு போட்டால் பிள்ளை வளராது, யாரும் உனக்குச் சொல்லவில்லையா" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கையெழுத்துப் போட்டது நான். நான்கு ஊசிக்கும் நான்தான் கையை நீட்டினேன். அதனால்தான் இப்படி ஆனதா? தெரிந்தவர்கள் தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள், ஆறுதலுக்காக எதையும் சொல்ல வேண்டாம்.

இரட்டையர்_அப்பா எழுதியது:

சகோதரி, முதலில் ஒன்று. நீங்கள் சொல்லும் 9 மாதம் பிறந்த தேதியிலிருந்து எண்ணியதா? அப்படியென்றால் அந்தப் புள்ளியை வைத்த இடமே தவறு. 40 வாரத்துக்கு வர வேண்டியவள் ஏறக்குறைய மூன்று மாதம் முன்னால் வந்திருக்கிறாள், அந்த மூன்றைக் கழித்துவிட்டு 6 மாதத்துக்கு நேராக வைத்துப் பாருங்கள். இதைத் திருத்திய வயது என்பார்கள், குறைந்தது 2 வயது வரை எடை, நீளம், தலைச்சுற்றளவு எல்லாவற்றையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார அமைப்பின் அட்டையில் 6 மாதப் பெண் குழந்தைக்கு 6.1 கிலோ என்பது நடுக்கோட்டுக்குக் கீழேதான், ஆனால் கோட்டுக்குள்ளேதான் வரும்.

எங்கள் பையன்கள் 29 வாரம். எங்களுக்கும் முதல் ஆறு மாதம் இதை யாரும் சொல்லவில்லை, நாங்களும் ஒவ்வொரு மாதமும் அழுதோம்.

இரவுப்பணி_நர்ஸ் எழுதியது:

தங்கச்சி, நான் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். ஆறுதல் வேண்டாம் என்றீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

அந்த ஊசி எதற்கு என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். 27 வாரத்தில் நுரையீரலின் காற்றறைகள் இன்னும் ஒழுங்காக உருவாகியிருக்காது, அவற்றின் உட்சுவரில் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருளும் போதிய அளவு சுரந்திருக்காது. அது இல்லாவிட்டால் குழந்தை மூச்சை வெளியே விட்டதும் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளும், அடுத்த மூச்சில் அவற்றைப் பிரித்துத் திறக்க வேண்டும், அதற்கு அடுத்த மூச்சிலும் அதே பாடு. ஒரு கிலோகூட இல்லாத உடம்பு எத்தனை மணி நேரம் அதைச் செய்யும்? மூச்சுத்திணறல் நோய் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து இரண்டே நாளில் இறந்தது இதே நோயால்தான். அன்றைக்கு அதிபரின் பிள்ளைக்குக்கூடக் கொடுக்க மருந்து இல்லை.

வழி திறந்தது நியூசிலாந்தில். கிரஹாம் லிகின்ஸ் என்ற மருத்துவர் பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று சினை ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்த ஒரு குட்டி மிக முன்னதாகப் பிறந்தது, மூச்சே விட முடியாத வயது அது. ஆனால் உயிரோடு இருந்தது, நுரையீரலில் காற்றும் போயிருந்தது. அவர் தேடியது வேறு, கண்டது இது. அவரும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியும் சேர்ந்து ஆக்லாந்தில் 282 தாய்மார்களிடம் பீட்டாமெத்தசோனைச் சோதித்து 1972இல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போடாத பிரிவில் 25.8 சதவீதக் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் நோய் வந்தது, போட்ட பிரிவில் 9 சதவீதம். அப்படியிருந்தும் உலகம் முழுக்க இது வழக்கத்துக்கு வர இருபது வருடத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் போன உயிர்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

பிறகு வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. மூளைக்குள் இரத்தக்கசிவும், குடல் அழுகும் நோயும் இந்த ஊசியால் குறைகின்றன. பிற்காலத்தில் குழந்தை எப்படி வளரும் என்பதில் இவை இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆகவே ஊசி வளர்ச்சியைக் கெடுத்தது என்று மட்டும் பேசுவது பாதிக் கதை.

ஒன்று கேட்கிறேன். பிறந்த பிறகு அவளுக்கு வென்டிலேட்டரிலிருந்து எடுப்பதற்காக ஸ்டீராய்டு கொடுத்தார்களா? டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும், பாருங்கள். ஊர் பேசும்போது இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால்தான் கேட்கிறேன்.

கேள்விகேட்பவன் எழுதியது:

அக்கா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் "உண்மையைச் சொல்லுங்கள்" என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார், அப்போது முழுவதையும் சொல்ல வேண்டும். ஒரு தடவை போடுவது வேறு, திரும்பத் திரும்பப் போடுவது வேறு. 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த மாக்ஸ் ஆய்வைப் பாருங்கள், 1858 தாய்மார்கள். 14 நாளுக்கு ஒரு முறை ஸ்டீராய்டு போட்டவர்களின் குழந்தைகள் சராசரி 2216 கிராம், மருந்தில்லா ஊசி போட்டவர்களுடையது 2330 கிராம். நீளம் 44.5க்கு 45.4 செ.மீ. தலைச்சுற்றளவு 31.1க்கு 31.7. எடை மட்டும் என்றால் விடலாம், தலையும் சிறிதாகிறது. மூச்சு விஷயத்தில் கூடுதல் பலனும் அந்த ஆய்வில் தெரியவில்லை. இவருக்கு இரண்டு சுற்று போட்டிருக்கிறார்கள். ஆகவே "ஊசிக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை" என்று சொல்லிவிட முடியாது.

இதை நான் கோபத்தில் எழுதவில்லை. என் மகன் 35 வாரத்தில் பிறந்தான், அதற்கு முன்னால் என் மனைவிக்கு இதே ஊசி போட்டார்கள். பிறந்ததும் அவனுக்குச் சர்க்கரை இறங்கி மூன்று நாள் குளுகோஸ் ஏற்றினார்கள். இப்படி ஆகலாம் என்று எங்களுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை.

குழந்தைமருத்துவர்_ஒருவர் எழுதியது:

கேள்விகேட்பவன் கொடுத்த எண்கள் சரியானவை. அவற்றை எப்படிப் படிப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் பேச வேண்டும்.

ஸ்டீராய்டு கருவின் வளர்ச்சி வேகத்தைக் குறைக்கக்கூடியது என்பது விலங்கு ஆய்வுகளிலேயே தெரிந்த விஷயம். தாயின் உடலில் இயல்பாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசோல் குழந்தைக்கு அளவுக்கு மீறிப் போகாதபடி நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி அதைப் பெரும்பாலும் செயலிழக்கச் செய்துவிடும். பீட்டாமெத்தசோனும் டெக்ஸாமெத்தசோனும் அந்தக் காவலைத் தாண்டிப் போகக்கூடியவை, அதனால்தான் இவற்றைத் தேர்ந்தெடுக்கிறோம். தாண்டிப் போய் அவை செல்களிடம் சொல்வது ஏறக்குறைய இதுதான்: பெருகியது போதும், முதிர்ந்துகொள். நுரையீரலுக்கு அந்த நேரத்தில் தேவையும் அதுவே. அதே கட்டளையை வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தால் பெருக்கம் குறையும், எடை குறையும். ஆகவே எத்தனை சுற்று என்ற கேள்வி மிகச் சரியான கேள்வி.

ஆனால் மாக்ஸ் ஆய்வில் சிலருக்கு நான்கு சுற்று வரை போயிருக்கிறது. இந்தத் தாய்க்கு முதல் சுற்று, பிறகு 14 நாள் கழித்து, மறுபடி வலி வந்த நிலையில் இன்னொரு சுற்று. 34 வாரத்துக்குள், முதல் சுற்று முடிந்து இரண்டு வாரம் ஆகி, ஒரு வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் என்று தோன்றினால் இப்படி ஒரு சுற்று போடுவது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். ஊசியின் பலன் முதல் ஊசிக்கு 24 மணி நேரத்துக்குப் பிறகும் 7 நாளுக்குள்ளும் பிறக்கும் குழந்தைகளில்தான் அதிகம் தெரிகிறது என்பதே அதற்குக் காரணம். இவருடைய குழந்தை அந்த இடைவெளியில்தான் பிறந்திருக்கிறாள்.

அதைவிட முக்கியம், பிறக்கும்போது இருக்கும் சில கிராம் வித்தியாசம் நிலைத்து நிற்கிறதா என்பது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 982 தாய்மார்களிடம் வாரம் ஒரு ஊசி என்று திரும்பப் போட்டுப் பார்த்த ஆய்வு 2006இல் வந்தது. அதில் மூச்சுத்திணறல் நோய் 41 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் குழந்தைகள் பிறக்கும்போது கொஞ்சம் சிறிதாக இருந்தார்கள், வீட்டுக்குப் போகும்போதே அந்த வித்தியாசம் இல்லை, 2 வயதில் அளந்தபோதும் இல்லை. ஆக்லாந்தில் அந்த முதல் ஆய்வில் பிறந்தவர்களை 30 வயதில் தேடிப்பிடித்து மறுபடி அளந்தார்கள். உயரத்திலும் எடையிலும் இரத்த அழுத்தத்திலும் வித்தியாசம் இல்லை. குளுகோஸ் குடிக்க வைத்துச் செய்த பரிசோதனையில் மட்டும் இன்சுலின் அளவில் ஒரு சிறிய மாற்றம் தெரிந்தது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

அம்மா, 27 வாரத்தில் 860 கிராம் என்பது அந்த வாரத்துக்கு உரிய எடைதான். உங்கள் வயிற்றில் அவள் வளர்ச்சி குன்றி இருக்கவில்லை. அவள் பின்தங்கினாள் என்றால் அது வெளியே வந்த பிறகு. அந்த நாட்களைத்தான் பார்க்க வேண்டும்.

சின்னவிரல்_அம்மா எழுதியது:

டாக்டர், அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. சம்மரியை இன்றைக்குத்தான் முதல் முறையாக முழுசாகப் படித்தேன், இத்தனை நாள் தொடவே பயம். அக்கா கேட்டது இருக்கிறது. 24வது நாளிலிருந்து 10 நாள் டெக்ஸாமெத்தசோன், வென்டிலேட்டரிலிருந்து எடுப்பதற்காக. அதற்கு முன்னால் ஒரு வாரம் கிருமித்தொற்று, பாலை நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்படியென்றால் வளர்ச்சியை நிறுத்தியது இந்த மருந்தா? இதற்கும் நான்தானே சரி என்றேன்.

இரவுப்பணி_நர்ஸ் எழுதியது:

தங்கச்சி, மூச்சை இழுத்து விட்டுவிட்டுப் படியுங்கள்.

பிறந்த பிறகு கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் எடை ஏறுவதைத் தற்காலிகமாக நிறுத்தும், இது உண்மை. அந்த நாட்களில் எடைப்பலகையில் வைத்தால் எண் அப்படியே நிற்கும், நாங்களும் எதிர்பார்த்தே இருப்போம். தொண்ணூறுகளில் இதைப் பெரிய அளவில், பிறந்த முதல் வாரத்திலேயே கொடுத்துப் பார்த்து, கை கால் அசைவைப் பாதிக்கும் மூளைவாதம் அதிகமாவதைக் கண்ட பிறகு அந்த வழக்கம் கைவிடப்பட்டது. ஸ்டீராய்டு என்றதும் ஊரில் பயப்படுவதற்கு அந்தப் பழைய கதையும் ஒரு காரணம். இப்போது கொடுப்பது குறைந்த அளவு. முதல் வாரம் கடந்தும் வென்டிலேட்டர் குழாயை எடுக்க முடியாமல் நுரையீரல் கெட்டுக்கொண்டே போகும் குழந்தைகளுக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள். 10 நாளில் மொத்தமே கிலோவுக்கு 0.89 மில்லிகிராம் என்ற கணக்கில் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ஓர் ஆய்வில், மருந்து பெற்ற குழந்தைகளில் 60 சதவீதத்தினருக்கு 10 நாளுக்குள் குழாயை எடுக்க முடிந்தது, பெறாதவர்களில் 12 சதவீதம்தான்.

குழாயோடு இருக்கும் குழந்தையும் வளராது என்பதை யாரும் சொல்வதில்லை. மூச்சு விடுவதற்கே அதன் சக்தி முழுக்கப் போய்விடும். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 110 கலோரிக்கு மேலும், புரதம் 3.5 முதல் 4 கிராம் வரையும் உள்ளே போனால்தான், வயிற்றில் இருந்தால் வளர்ந்திருக்கும் வேகத்தை நெருங்க முடியும். தாய்ப்பாலே சிறந்தது, ஆனால் ஒரு கிலோ குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் புரதத்திலும் கால்சியத்திலும் போதாது, அதனால்தான் அதில் சத்துப்பொடி கலக்கிறோம். தொற்று வந்து பாலை நிறுத்திய அந்த ஒரு வாரத்தில் ஏற்பட்ட பள்ளத்தை நிரப்பப் பல வாரம் ஆகும். உங்கள் மகள் இளைத்தது அந்த வாரத்தில் தொடங்கியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவளைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்லக்கூடாது.

நேரத்தில்_வராதவள் எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு அந்த ஊசி கிடைக்கவில்லை. 28 வாரம். காலையில் இடுப்பு வலி என்று நினைத்தேன், மதியம் வரை படுத்துக் கிடந்தேன், மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த முக்கால் மணி நேரத்தில் பிரசவம். முதல் ஊசியைக்கூடப் போட நேரம் இல்லை. பிறந்ததும் தொண்டைக்குழாய் வழியாக சர்ஃபாக்டன்ட் மூன்று முறை கொடுத்தார்கள். இரண்டாவது நாள் மூளையில் இரத்தக்கசிவு. அவன் இருக்கிறான், 4 வயது, இப்போதுதான் பிடித்துக்கொண்டு நடக்கிறான், சிரித்தால் வீடே நிறையும். ஊசி போட்டிருந்தால் கட்டாயம் இது வந்திருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் தோழி, நீங்கள் நான்கு முறை கையை நீட்டினேன் என்று அழுகிறீர்கள். ஒரு முறை நீட்டும் வாய்ப்பு கிடைத்திருக்கக் கூடாதா என்று நான்கு வருடமாக நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்விகேட்பவன் எழுதியது:

சகோதரி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். 28 வாரத்தில் இந்த ஊசி கூடாது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். என் கவலை அதை எங்கே, யாருக்குப் போடுகிறோம் என்பது. 34 முதல் 36 வாரம் வரை போட்டுப் பார்த்த 2016 அமெரிக்க ஆய்வில் மூச்சுக் கோளாறு குறைந்தது, ஆனால் சர்க்கரை இறங்கிய குழந்தைகள் 15 சதவீதத்திலிருந்து 24 ஆனார்கள். 2015இல் ஆறு நாடுகளில் கிராமப்புறங்களையும் சிறு மருத்துவமனைகளையும் சேர்த்து, குறைப்பிரசவம் ஆகலாம் என்று தோன்றியவர்களுக்கெல்லாம் போட்டபோது ஒட்டுமொத்தமாகப் பச்சிளங்குழந்தை இறப்பு கூடியது. இவை இரண்டையும் சொல்லாமல் விட்டால் இந்த இழை அரைகுறைதான்.

குழந்தைமருத்துவர்_ஒருவர் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். உங்கள் மகனுக்கு நடந்ததை முன்பே சொல்லியிருக்க வேண்டும், அது எங்கள் தரப்பின் தவறு. 2015 ஆய்வில் ஊசி பெற்ற பலருக்குக் குறைப்பிரசவமே ஆகவில்லை, கர்ப்ப வாரமும் சரியாகத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் உலக சுகாதார அமைப்பு இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில் 2852 தாய்மார்களிடம் டெக்ஸாமெத்தசோனைச் சோதித்தது. ஸ்கேன் மூலம் வாரத்தை உறுதி செய்தார்கள், 26 முதல் 34 வாரத்துக்குள் மட்டும் எடுத்தார்கள், குழந்தையைக் கவனிக்க வசதி உள்ள மருத்துவமனைகளில் மட்டும் நடத்தினார்கள். பச்சிளங்குழந்தை இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆனது, பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்னதாகவே நிறுத்தினார்கள். ஆக, வாரம் தெரிய வேண்டும், பிரசவம் உண்மையிலேயே நெருங்கியிருக்க வேண்டும், பிறந்த பிறகு பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் கணக்கு மாறிவிடும்.

சின்னவிரல்_அம்மா எழுதியது:

நேரத்தில் வராதவள் தோழிக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உங்கள் மகனை நினைத்துக்கொள்கிறேன்.

நேற்று இரவு நானும் கணவரும் உட்கார்ந்து திருத்திய வயதில் ஒவ்வொரு புள்ளியாக வைத்தோம். பிறந்தபோது கோடுகளுக்கு நடுவில் நன்றாகத்தான் இருந்தாள். தொற்று வந்த வாரத்தில் சட்டென்று ஒரு பள்ளம், டெக்ஸாமெத்தசோன் நாட்களில் தரையோடு தரையாக ஒரு கோடு. வீட்டுக்கு வந்தபோது எல்லாவற்றுக்கும் கீழே. அதற்குப் பிறகு ஒவ்வொரு புள்ளியும் முந்தையதைவிடக் கொஞ்சம் மேலே, இப்போது கோடுகளுக்குள்ளே வந்துவிட்டாள். தலைச்சுற்றளவு 41.5, அது இன்னும் நன்றாகவே இருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் கணவர் பென்சிலால் தேதி எழுதினார். இந்த அட்டையை அடுத்த செக்கப்புக்கு எடுத்துப் போகிறோம்.

இன்று_அட்மிட் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு 26 வாரம், நேற்று சேர்த்தார்கள், இன்று காலை 6 மணிக்கு முதல் ஊசி. நாளை அதே நேரத்தில் இரண்டாவது. இந்த இழையை மதியத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். சாயங்காலத்திலிருந்து குழந்தை அசைவது குறைந்த மாதிரி இருக்கிறது. ஊசியால் இப்படி ஆகுமா?

இரவுப்பணி_நர்ஸ் எழுதியது:

ஊசி போட்ட பிறகு ஓரிரு நாள் அசைவு குறைவாகத் தெரிவது உண்டு, அப்புறம் பழையபடி ஆகிவிடும். ஆனால் அதனால்தான் என்று நீங்களும் நானும் முடிவு செய்யக்கூடாது, பனிக்குடமோ நஞ்சோ வேறு ஏதாவதோ காரணமாக இருக்கலாம். உடனே மணியை அழுத்தி டியூட்டி நர்ஸிடம் சொல்லுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்களுக்குச் சர்க்கரை இருந்தால் அதையும் சொல்லுங்கள், இந்த ஊசிக்குப் பிறகு சில நாட்கள் அது ஏறும், அடிக்கடி பார்க்க வேண்டும். சொல்லிவிட்டு இங்கே ஒரு வரி போடுங்கள்.

இன்று_அட்மிட் எழுதியது:

சொல்லிவிட்டேன் அக்கா. வயிற்றில் பெல்ட் கட்டி மானிட்டர் போட்டிருக்கிறார்கள், இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள், சத்தம் எனக்கும் கேட்கிறது. சர்க்கரையும் இப்போது எடுத்தார்கள். காலை 6 மணிக்கு இரண்டாவது ஊசி.